காற்றாலையும் கிராம சபையும்

(அச்சங்குளத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் முன்னோர் களத்துமேட்டில் நின்று கண்ட உண்மை. காற்று வீசும் வேளையில் கம்பையும் சோளத்தையும் முறத்தில் ஏந்தித் தூற்றினால், பதர் ஒருபுறம் பறக்கும். மணி காலடியில் குவியும். அந்தக் காற்றே இன்று மின்சாரமாகவும் மாறுகிறது. ஆகவே, காற்றாலை அமைக்க நிலம் வேண்டுமென்று ஒருவர் ஊருக்குள் வருவாரானால், அவரும் இந்தப் பழமொழியையே நமக்கு எடுத்துச் சொல்லக்கூடும். "காலம் தாழ்த்தாமல் கையெழுத்திடுங்கள்" என்று அவர் அதற்குப் பொருள் கூறுவார். ஆனால், தூற்றுதல் என்றால் மணி வேறு, பதர் வேறு என்று பிரித்தெடுத்தல் அல்லவா? காற்றாலை விஷயத்திலும் நாம் செய்ய வேண்டியது அதுவேயாம்.

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி என்பதை யாவரும் அறிவர். மழை பொய்த்த ஆண்டுகளில் நம் குடும்பங்களுக்குச் சோறிட்டவை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலுமே. இங்கிருந்து தெற்கே கோவில்பட்டியைக் கடந்து கயத்தாறு வரை சென்றால், காற்றாலைகள் வரிசை வரிசையாய் நிற்பதைக் காணலாம். அந்த வரிசை ஒரு நாள் நம் ஊர் எல்லையையும் எட்டக்கூடும். எட்டிய பின்னர் கூடிப் பேசுவதைக் காட்டிலும், இன்றே பேசித் தெளிவது நன்றல்லவா?

இரு சாராரின் பேச்சு

காற்றாலை வரும் ஊர்களிலெல்லாம் இரு சாரார் உளர். ஒரு சாரார் கூறுவதாவது: "மானாவாரியில் என்ன விளைகிறது? தரிசாய்க் கிடக்கும் காட்டுக்கு நல்ல விலை வந்தால் கடன் தீரும், பெண்ணுக்குக் கல்யாணம் முடியும். நிலக்கரி எரிக்காமல், புகை கக்காமல் மின்சாரமும் கிடைக்கிறது." மற்றொரு சாரார் கூறுவதாவது: "நிலம் போனால் திரும்பாது, ஓடை அடைபடும், ஆடு மாடு மேய இடமிராது, இரவெல்லாம் இரைச்சல் கேட்கும், மேகத்தையும் விரட்டிவிடும்." இவ்விரு சாராரில் எவரையும் அறியாதவர் என்று ஒதுக்குவது முறையன்று. ஒவ்வொரு பேச்சிலும் மணியும் உண்டு, பதரும் உண்டு.

மேகத்தை விரட்டும் என்னும் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மழை தரும் பெரிய மேகங்கள் ஆயிரக்கணக்கான அடி உயரம் வரை எழுபவை. இக்காலத்துக் காற்றாலையின் இறக்கை நுனி தரையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரமே எட்டும். மழை பெய்வதும் பொய்ப்பதும் கடலையும் பருவக்காற்றையும் பொறுத்தவை. காற்றாலையால் ஒரு வட்டாரத்தின் மழை குறைந்ததென்பதற்குச் சான்றில்லை. எனினும், அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் துணைக்கோள் கொண்டு செய்த ஆராய்ச்சியொன்று 2012-ஆம் ஆண்டு வெளியாயிற்று. காற்றாலைகள் மிகுந்த இடத்தில் இரவு நேரத்தில் தரையின் வெப்பம் சிறிது கூடுவதாக அது கண்டது. சுழலும் இறக்கைகள் மேற்காற்றையும் கீழ்க்காற்றையும் கலப்பதே இதற்குக் காரணம் என்பர். ஆகவே, அச்சம் முழுதும் உண்மையன்று; "ஒன்றுமே நேராது" என்பதும் முழு உண்மையன்று.

காற்றின் கணக்கு

தமிழ்நாட்டில் காற்றாலையின் வரலாறு 1986-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மின்சார வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. 1993-ஆம் ஆண்டு வரை கயத்தாறு, முப்பந்தல் முதலிய இடங்களில் வாரியமே 120 இயந்திரங்களை அமைத்துக் காட்டியது. அவற்றின் மொத்தத் திறன் 19 மெகாவாட்டுக்குச் சற்று அதிகம். பின்னர்த் தனியார் முதல் பெருகிற்று. 2023-ஆம் ஆண்டில் மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்தது.

இத்துணை வளர்ச்சிக்கு நம் மலைகளே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று கணவாய்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று இவ்விடைவெளிகளில் நெருக்குண்டு, மிகுந்த வேகத்துடன் கிழக்கே பாய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை இக்காற்றின் காலம். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று சொல்லி வைத்தவர்கள் இக்கணக்கை நன்கு அறிந்தவர்களே.

இங்கே ஒரு விதியை நினைவில் இருத்துதல் வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால், அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். எனவே, கயத்தாற்றில் இலாபம் தந்த இயந்திரம் கணவாய்க்கு நேரில் இல்லாத ஓர் ஊரிலும் அதே இலாபம் தரும் என்று எண்ணிவிடலாகாது. காற்றை ஓராண்டேனும் அளந்து பார்த்த பின்னரே கணக்கிட வேண்டும். "உங்கள் ஊரில் பொன் விளையும்" என்று சொல்பவரிடம், "அளந்த கணக்கு எங்கே?" என்று கேட்பதே அறிவுடைமை.

ஓடந்துறையின் துணிவு

காற்றாலை என்றாலே வெளியூர் முதலாளியின் சொத்து என்று நாம் எண்ணுகிறோம். அவ்வாறு இருக்க வேண்டியதில்லை என்று ஓர் ஊராட்சி காட்டியுள்ளது. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைத் தன் பெயரிலேயே வாங்கிற்று. அதன் செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். இதில் ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். எஞ்சிய 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

தங்கள் ஊரில் போதிய காற்றில்லை என்பதால், நெடுந்தொலைவில் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் அதனை நிறுவினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்பது கணக்கு. தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றுவதற்கும் ஊராட்சிக்குத் தேவைப்பட்டது சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம் யூனிட். மிச்சத்தை மின்சார வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தைக் கொண்டு வங்கிக் கடனை அடைக்க வழி செய்தார்கள்.

எல்லா ஊராட்சிகளும் இவ்வாறே செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒவ்வொரு காசையும் எண்ணிச் சேர்த்த ஊராட்சிக்கே அது கைகூடிற்று. ஆயினும், காற்றின் பலனில் ஊருக்கும் பங்குண்டு என்று கேட்பது பேராசையன்று, நடக்கக்கூடிய காரியமே என்பதற்கு ஓடந்துறை சான்றாகும்.

மன்னாரின் பாடம்

இனி, இதற்கு மாறான ஓர் உதாரணம். கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் மக்கள் வாழும் மன்னார்த் தீவில், 2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபையின் "தம்பபவனி" காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. முப்பது இயந்திரங்கள், 103.5 மெகாவாட் திறன். அதன் பிறகு தீவு மக்கள் சில குறைகளைச் சொல்லத் தொடங்கினர். காற்றாலைகளுக்காகப் போட்ட சாலைகளும் மேடைகளும் மழை நீர் வடியும் வழியை மறித்து ஊருக்குள் வெள்ளம் தேங்குகிறது என்றனர். கரையோரம் மீன் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் முறையிட்டனர். பல நாடுகளிலிருந்து பறவைகள் வலசை வரும் தீவு அது என்பதால், பறவைகளைப் பற்றிய கவலையும் எழுந்தது.

அக்குறைகள் தீருமுன்னரே மேலும் காற்றாலைகள் வரவிருந்தன. 2025 ஆகஸ்டில் இயந்திரப் பாகங்கள் தீவுக்குள் வந்தபோது மக்கள் தெருவில் அமர்ந்து தடுத்தனர். அரசு ஒரு மாத காலம் வேலையை நிறுத்தி வைத்தது. ஆனால் உடன்பாடு ஏற்படவில்லை. செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு காவல் துறையினருக்கும் மக்களுக்கும் மோதல் நேர்ந்தது. செப்டம்பர் 29-ஆம் தேதி மன்னாரில் கடையடைப்பு நடந்தது. மக்களின் இசைவின்றி இனிப் புதிய காற்றாலைத் திட்டம் இல்லை என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. முன்னரே ஒப்புதல் பெற்றவை மட்டும் அதற்கு விலக்கு.

மன்னார் மக்கள் கூறியவற்றுள் எது எவ்வளவு மெய் என்பதை நிபுணர்கள் ஆராயட்டும். நமக்கு வேண்டிய பாடம் வேறொன்று. இசைவு கேட்பது என்பது வேலை தொடங்குமுன் செய்ய வேண்டிய காரியம். இயந்திரம் தெருவில் வந்து நின்ற பிறகு கேட்டால், கேட்பவருக்கும் மதிப்பில்லை, கேட்கப்படுபவருக்கும் மனமில்லை.

முன்பே கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு டென்மார்க் நாட்டைப் பார்க்கலாம். கோபன்ஹேகன் நகரை ஒட்டிய கடலில் 27 காற்றாலைகளை மூன்று வரிசையாக அமைக்க முதலில் திட்டமிட்டனர். நகரத்தார் மறுப்புத் தெரிவித்தனர். அம்மறுப்பைக் கேட்டு, எண்ணிக்கையை 20-ஆகக் குறைத்து, ஒரே வளைந்த வரிசையில் நிறுத்தினர். அது மட்டுமன்று, அவற்றுள் பாதியை ஒரு கூட்டுறவுச் சங்கம் வாங்கிற்று. அதில் 8,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்குதாரர்கள். 2000-ஆம் ஆண்டு முடிந்த அவ்வேலை ஊராரின் சொத்தாகவும் ஆயிற்று. மறுப்பு திட்டத்தைக் கெடுக்கவில்லை, திருத்திற்று.

நம்மை யார் கேட்பார்?

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய தொழில்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வழி செய்வது, 2006-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் பட்டியலில் காற்றாலை இடம்பெறவில்லை. ஆகவே, நம் ஊரில் காற்றாலை வருவதாயின், கூட்டம் போட்டு நம் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த அறிவிக்கையின்படி எவருக்கும் இல்லை. யாரும் நம்மை வந்து கேட்கமாட்டார் என்றால், நாமே கேட்க வேண்டியவர்களாகிறோம். அதற்குரிய இடம் கிராம சபையே. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் ஏழு.

ஒன்று, நிலம். கிரயமா, குத்தகையா? காற்றாலை 20 அல்லது 25 ஆண்டுகள் சுழலும். கிரயப் பணமோ ஒரு கல்யாணத்தோடு முடிந்துவிடும். குத்தகையாயின் ஆண்டுதோறும் வருமானம் உண்டு. நிலமும் பிள்ளைகளுக்கு நிற்கும். கையெழுத்திடுமுன் பத்திரத்தை ஊரில் படித்தவர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். தரகர் சொல்லும் வாய்ச்சொல் பத்திரத்தில் இல்லையானால், அது இல்லாத சொல்லே.

இரண்டு, பொது நிலம். மந்தை, மேய்ச்சல் புறம்போக்கு, களம், பாதை இவை ஒருவருக்கும் சொந்தமல்ல, ஊராருக்கெல்லாம் சொந்தம். இத்தகைய பொது நிலங்களிலும் குளங்களிலும் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊராருக்கு மீட்டுத் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ஆம் தேதி ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. ஆடு மேய்ப்பவர் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வரமாட்டார். அவருக்காக ஊராட்சியே பேச வேண்டும்.

மூன்று, நீர். பளு மிகுந்த இயந்திரங்களை ஏற்றிச் செல்ல அகன்ற சாலைகள் வேண்டும். கரிசல் காட்டில் இரண்டடி உயரச் சாலை ஒன்று ஓடையைக் குறுக்கே மறித்தால் போதும். அதற்குக் கீழுள்ள கண்மாய் வறண்டுவிடும், மேலுள்ள பயிர் அழுகிவிடும். ஆகவே, எந்தெந்த ஓடையில், எந்தெந்த வரத்துக் கால்வாயில், எவ்வளவு அகலத்தில் பாலம் அமைப்பார்கள் என்பதை வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்ல வேண்டும்.

நான்கு, தூரம். மத்திய அரசு 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இரைச்சலைத் தவிர்க்கும் பொருட்டுக் குடியிருப்பு எதற்கும் 500 மீட்டருக்குள் காற்றாலை அமைத்தலாகாது. பொதுச் சாலைக்கும் கட்டடத்துக்கும் விட வேண்டிய இடைவெளிக்கும் கணக்குண்டு. இறக்கையின் நடு அச்சு இருக்கும் உயரம், இறக்கைச் சுழற்சியின் விட்டத்தில் பாதி, இவற்றோடு 5 மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். உயரம் 120 மீட்டர், விட்டம் 120 மீட்டர் எனில் இடைவெளி 185 மீட்டர். இதனை ஊராட்சி உறுப்பினர் அளவு நாடா பிடித்து அளக்கலாம். எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஐந்து, வருமானம். 2 மெகாவாட் இயந்திரம் தன் முழுத் திறனில் நூற்றுக்கு 25 பங்கு உழைத்தாலும், ஆண்டுக்கு 43 லட்சத்து 80 ஆயிரம் யூனிட் தரும். இதில் ஊராட்சிக்குச் சேர வேண்டிய வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, பள்ளிக்கும் குடிநீருக்கும் நிறுவனம் தருவதாகச் சொல்லும் உதவி எவ்வளவு என்பவற்றைத் தேதியிட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஆறு, வேலை. இதில் ஏமாற்றம் மிகுதி. அடித்தளம் தோண்டிக் கோபுரம் எழுப்பும் மாதங்களில் கூலி வேலை கிடைக்கும். அதன் பின்னர்க் காவலாளியும், பழுது பார்க்கும் பயிற்சி பெற்றவர் சிலருமே போதும். பட்டாசு ஆலைக்குச் செல்லும் நூற்றுக்கணக்கான கைகளுக்குக் காற்றாலை மாற்று வேலை தரும் என்று எவரேனும் சொன்னால் நம்புதல் வேண்டா. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தொழிற்பயிற்சி அளித்துப் பணி தருவார்கள் என்று எண்ணிக்கையில் கேட்க வேண்டும்.

ஏழு, முடிவு. இயந்திரம் ஆயுள் முடிந்து நின்றபின் அதனைக் கழற்றிச் செல்வது யார்? மண்ணுக்கடியில் உள்ள சிமெண்டு அடித்தளத்தைப் பெயர்ப்பது யார் செலவில்? பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கும் மாற்றுவதற்கும் தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் ஒரு கொள்கை வெளியிட்டுள்ளது. முதலில் வந்தவை முதுமை அடைந்துவிட்டன என்பதே அதன் பொருள். பிறப்பைப் பேசும்போதே முடிவையும் பேசிவிட வேண்டும்.

இம்மண்ணுக்கே உரிய கேள்வி

இவ்வேழும் எல்லா ஊருக்கும் பொது. நம் வட்டாரத்துக்கு மட்டும் எட்டாவது கேள்வியொன்று உண்டு. வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பட்டாசு ஆலைகளும் மருந்துக் கிடங்குகளும் இங்கே உள்ளன. ஒவ்வொன்றைச் சுற்றிலும் விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளியை 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வகுத்துள்ளன. காற்றாலையோ உயர்ந்து நிற்பது, இடி இறங்கக்கூடியது. அரிதாயினும் அதன் தலைப்பகுதி தீப்பற்றி, எரியும் துண்டுகள் காற்றில் பறப்பதும் உண்டு. ஆகவே, ஆலைகளின் வரைபடத்தையும் காற்றாலையின் வரைபடத்தையும் மின்கம்பி செல்லும் பாதையையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்காமல், எந்த அனுமதிக்கும் ஊர் இசையலாகாது.

இதனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது இங்குள்ளோர்க்கு விளங்கும். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி இந்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபது உயிர்களுக்குக் குறையாமல் இழந்தோம். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், ஆலையை நடத்துவது யார், சோதிப்பது யார் என்ற கேள்விகள் அதன் பின்னரே ஊர்தோறும் உரக்க எழுந்தன. வேலை கிடைக்கிறதே என்ற நன்றியில், வேலை தருபவரைக் கேள்வி கேட்பது தகாது என்று நாம் வாளாவிருந்த காலம் உண்டு. அந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை போதும். காற்றாலை பட்டாசைப் போல் ஆபத்தானதன்று, உண்மையே. ஆனால், முன்பே கேட்கும் பழக்கம் ஒரு தொழிலுக்கு மட்டும் உரியதன்று. அது ஓர் ஊருக்கு இருக்க வேண்டிய குணம்.

சபையில் செய்ய வேண்டியது

ஆண்டில் ஆறு நாட்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில், கிராம சபை கூடுகிறது. காற்றாலை பற்றிய செய்தி எட்டியவுடன் அதனைப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்தாரை அழையுங்கள், மரியாதையுடன் அமரச் செய்யுங்கள், எட்டுக் கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூடியிருப்போர் கேட்கப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள். நிலம் உடையவர் மட்டும் பேசும் சபையாக அது இருத்தலாகாது. நிலத்தை விற்பவர் ஒருவர்; ஓடை அடைபட்டால் துன்புறுவோர் பலர். பெண்களும், ஆடு வளர்ப்போரும், நிலமில்லாத உழைப்பாளரும் பேச இடம் தர வேண்டும்.

விடைகள் நேர்மையாக இருந்தால் மனமார இசைவோம். நாட்டுக்குப் புகையில்லா மின்சாரம் வேண்டும். அதில் நம் கரிசல் காற்றுக்கும் பங்கிருந்தால் நமக்கும் பெருமையே. விடைகள் மழுப்பலாக இருந்தால், திருத்திக்கொண்டு வரச் சொல்லி அடுத்த சபைக்குத் தள்ளி வைப்போம். அதனால் குடி முழுகிவிடாது. காற்று அடுத்த ஆடியிலும் வீசும். விற்ற நிலமும் அடைத்த ஓடையும் அவ்வாறு திரும்பி வருவனவல்ல.

களத்துமேட்டில் முறம் பிடித்தவர்கள் நாம். பதர் எது, மணி எது என்று பிரித்தறிய நமக்கு வேறொருவர் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த அறிவைக் கிராம சபைக்கும் கொண்டு வருவோம்.